பழைய அம்பாசிடர் எஞ்சினில் ‘டக் டக்’ சத்தம்: நீங்களே தேடுவதா, மெக்கானிக்கா, ஒர்க் ஷாப்பா, எஞ்சினைப் பிரித்தே விடுவதா?

“எஞ்சினில் ஏதோ டக் டக் என்று அடிக்கிறது. ஒருவர் டேப்பட் (வால்வை அழுத்தும் பாகங்களின் இடைவெளி) என்கிறார், இன்னொருவர் எஞ்சின் வேலை என்கிறார், மூன்றாமவர் ஓடுகிற வரைக்கும் ஓட்டுங்கள் சார் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?” பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. பதில் வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் முடிவெடுக்கும் வழி ஒன்றுதான். அதை அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை வைத்துச் சொல்கிறேன். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) பி-சீரிஸ் வம்சம்: இரும்பு பிளாக், இரும்பு ஹெட், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, புஷ்ராட் (கீழே உள்ள கேம்ஷாஃப்ட் நீளக் குச்சிகளால் மேலே உள்ள வால்வுகளை இயக்கும் வகை). சென்சாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. பத்மினியின் 1089 சிசி எஞ்சினும் புஷ்ராட் வகைதான் என்பதால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சத்தம் கனமாக, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் இருந்து, கூடவே ஆயில் பிரஷர் இறங்கினாலோ ஆயில் லைட் ஐடிலிங்கில் மினுக்கினாலோ, கீழே உள்ள ஒப்பீடு எதுவும் உங்களுக்கு வேண்டாம். வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். மெக்கானிக்கிடமும் ஓட்டிப் போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் கனெக்டிங் ராட் கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) தேய்ந்த எஞ்சினை இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால், பேரிங் ஷெல் இடம் புரண்டு கிராங்க்கைக் கீறிவிடும். அதற்கும் மேலே போனால் கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பேரிங் செட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பிளாக் தேடும் செலவாகிவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

பணம் முதல் அளவுகோல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

முதலாவது, தடயம். சத்தம் என்பது எஞ்சின் ஓடும்போது மட்டும் இருக்கிற சாட்சி. பிரித்துப் பரப்பிய எஞ்சின் சத்தம் போடாது. நாற்பது வருஷம் ஓடிய எஞ்சினைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் தேய்மானம் இருக்கும், எதைப் பார்த்தாலும் இதுதான் காரணம் என்று தோன்றும், எல்லாவற்றையும் மாற்றிய பிறகு அதே சத்தம் ஃப்ளைவீல் பக்கத்திலிருந்தோ ஃபூயல் பம்ப்பிலிருந்தோ மறுபடி வரும். அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அது தடயத்தைக் காப்பாற்றுகிறதா அழிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அந்த வழியால் எந்த வகைச் சத்தத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்பது. டேப்பட்டைக் காதே கண்டுபிடிக்கும், கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்குக்குக் காது மட்டும் போதாது. மூன்றாவதுதான் பணம், வெளியே தெரியாத செலவையும் சேர்த்து. நான்காவது, வண்டி எத்தனை நாள் நிற்கும். அது வீட்டின் ஒரே வண்டியா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டியா என்பதைப் பொறுத்து இதன் எடை மாறும்.

## வழி 1: நீங்களே தேடுவது

மெக்கானிக்கிடம் போவதாகவே இருந்தாலும் இந்த முதல் கட்டத்தை நீங்களே முடித்துவிட்டுப் போங்கள் என்பேன். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் பாதி சந்தேகங்களை விலக்கிவிடலாம்.

சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. காலையில் குளிர்ந்த எஞ்சினில் அதிகமாக இருந்து சூடானதும் அடங்கினால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவதாகவோ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் கசிவாகவோ இருக்கலாம். சூடேறச் சூடேற அதிகமானால் பேரிங் மீது சந்தேகம் வர வேண்டும், ஏனென்றால் ஆயில் சூட்டில் இளகிப் போகிறது. மேடு ஏறும்போது மட்டும் சில்லறை குலுக்குவதுபோல் வந்தால் அது தேய்மானச் சத்தமே அல்ல, பெரும்பாலும் இக்னிஷன் டைமிங் முன்னால் போயிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினால் தீர்ந்துபோகிற அதற்கு எஞ்சினைப் பிரிப்பது பெரிய அநியாயம். கிளட்ச்சை மிதித்தால் சத்தம் மாறுகிறதா? அப்படியானால் ரிலீஸ் பேரிங், கிளட்ச், அல்லது கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் பக்கம் போங்கள்.

அடுத்து ஃபேன் பெல்ட். அதைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் டைனமோ, வாட்டர் பம்ப், ஃபேன் இவற்றில் ஒன்று. பெல்ட் இல்லாமல் தண்ணீர் சுழலாது, அதனால் ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் தாளம். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்க் சுழல்வதில் பாதி வேகத்தில்தான் சுழலும். 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் கிராங்க் நொடிக்குப் பதின்மூன்று சுற்று, கேம் ஆறு ஏழு சுற்று. இதைக் காதால் எண்ணுவது கஷ்டம். ஆனால் டைமிங் லைட் இருந்தால் அதன் கிளிப்பை முதல் சிலிண்டர் பிளக் ஒயரில் மாட்டுங்கள். இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒரு முறை அது மின்னும். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் டேப்பட், கேம், மெக்கானிக்கல் ஃபூயல் பம்ப் என்று மேல்பக்கம் தேடலாம். ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டு என்றால் கிராங்க், ராட், பிஸ்டன், ஃப்ளைவீல். இந்த ஒரு சோதனை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும், ஆனால் இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

கடைசியாகப் பிளக் ஒயர். ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, காப்பிட்ட இடுக்கியால் ஒவ்வொரு சிலிண்டராக ஒயரைக் கழற்றி எர்த்தில் சேர்த்துப் பாருங்கள் (சும்மா தொங்க விட்டால் காயிலுக்கு நல்லதல்ல, கைக்கும் நல்லதல்ல, பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம்). குறிப்பிட்ட சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் குறைந்தால் அந்த சிலிண்டரின் பிக் எண்ட் அல்லது பிஸ்டன். குறையாமல் இரட்டைத் தட்டாக மாறினால் பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கட்ஜன் பின். எதை நிறுத்தினாலும் மாறவே இல்லை என்றால் டேப்பட் பக்கம் திரும்புங்கள்.

டேப்பட்டை நீங்களே பார்க்கலாம். ராக்கர் கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்தால், இந்த எஞ்சினுக்கு 15 தௌ (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தௌ), அதாவது 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுதாக அழுந்தியிருக்கும்போது முதலாவதைச் சரிபார்க்க வேண்டும், ஆறாவது அழுந்தியிருக்கும்போது மூன்றாவது, நான்காவதுக்கு ஐந்தாவது, ஏழாவதுக்கு இரண்டாவது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். கேஜில் அளவு சரியாக இருந்தும் டிக் டிக் போகவில்லை என்றால், ராக்கர் முனையில் வால்வு தட்டித் தட்டிச் சின்னக் குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் அந்தக் குழிக்கு மேலே பாலம் மாதிரி நின்றுகொண்டு தப்பான அளவைக் காட்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, சத்தத்தை அடக்கும் ஆசை. டேப்பட்டை இறுக்கிவிட்டால் எஞ்சின் அமைதியாகிவிடும், ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காராமல் எரிந்துபோகும். இந்த எஞ்சினில் லேசான டேப்பட் சத்தம் இருக்கத்தான் வேண்டும். கெட்டியான ஆயிலோ சத்தம் குறைக்கும் டப்பா மருந்தோ ஊற்றுவதும் இதே கதைதான், தடயத்தை மூடிவிட்டு நோயை உள்ளே விட்டுவைக்கும். இரண்டாவது, ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்கும் முறையை அளவுக்கு மீறி நம்புவது. வார்ப்பிரும்பில் சத்தம் எங்கெங்கோ பயணம் செய்யும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இதற்கு எவ்வளவோ மேல், அதுவும் ஃபேனுக்கு எட்டாத இடத்தில், தொங்குகிற துண்டும் துப்பட்டாவும் இல்லாமல், கதவு திறந்த ஷெட்டில்.

இந்த வழி யாருக்கு நல்லது? ஆயில் பிரஷர் நன்றாக இருக்கிறது, சத்தம் லேசானது, வண்டி அவசரமாக வேண்டியதில்லை என்பவர்களுக்கு.

## வழி 2: அந்த வண்டியிலேயே ஊறிய பழைய மெக்கானிக்

டாக்ஸி ஸ்டாண்டுகளிலும் அரசு அலுவலக வாசல்களிலும் அம்பாசிடர் நின்ற காலத்தில் கை பழகியவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். பானெட்டைத் திறக்காமலே ‘நாலாவது சிலிண்டர்’ என்று சொல்லக்கூடியவர்கள். இந்தக் காதுக்கு எந்தக் கருவியும் ஈடில்லை என்று மனதார நம்புகிறேன். காரணம் எளிது: ஒரே எஞ்சினின் நல்ல சத்தத்தையும் கெட்ட சத்தத்தையும் ஆயிரக்கணக்கான தடவை கேட்டவர்கள் அவர்கள்.

ஆனால் 2014-இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்ற பிறகு, தினம் தினம் இந்த எஞ்சினில் வேலை செய்கிற வாய்ப்பு அவர்களுக்கும் குறைந்துவிட்டது. பலர் வயதாகி ஓய்ந்துவிட்டார்கள். மறைமுகச் செலவு பெரும்பாலும் ஸ்பேரில் வரும். சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடித் தருவார்கள், ஆனால் நல்ல பழைய சரக்கும் மட்டமான புதுச் சரக்கும் கலந்தே கிடைக்கும், எது என்று நீங்கள் கூட இருந்து பார்க்க வேண்டும். நேரம் இன்னொரு செலவு. “நாளைக்கு வாங்க” என்பது எத்தனை நாளைக்கு நீளும் என்று சொல்ல முடியாது.

அவரிடம் ஒன்று கேட்கத் தயங்காதீர்கள்: “அண்ணே, பிரிக்கறதுக்கு முன்னாடி பிளக் ஒயர் எடுத்து ஒருதரம் பாத்துரலாமா?” நல்ல மெக்கானிக் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், ஏற்கெனவே செய்திருப்பார். கேட்ட உடனே கோபப்பட்டு, இது எஞ்சின் வேலைதான் என்று முடிவாகச் சொல்கிறவரிடம் இன்னும் ஒரு நாள் யோசித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவது நல்லது.

சத்தம் இன்னும் எஞ்சினில் இருக்கிறது, வழி 1-இல் அது மேலேயா கீழேயா என்று தெரிந்துவிட்டது, ஆனால் எந்தப் பாகம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை என்றால் இவரைவிட நல்ல இடம் இல்லை.

## வழி 3: கருவிகள் உள்ள பெரிய ஒர்க் ஷாப்

இங்கே முதலில் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு வருவார்கள், அதைச் சொருக இந்த வண்டியில் இடமே இல்லை. அதனால் உள்ளே விடுவதற்கு முன் இரண்டு கேள்வி: பிளாட்டினம் பாயிண்ட்டும் கார்பரேட்டரும் தெரிந்தவர் இருக்கிறாரா, ஆயில் பிரஷர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், போர்ஸ்கோப் கேமரா இருக்கிறதா?

இருந்தால், இவர்களிடம் வாங்க வேண்டியது ரிப்பேர் அல்ல, அளவுகள். டேஷ்போர்டு மீட்டரையோ லைட்டையோ நம்பாமல் தனி கேஜ் மாட்டி எடுத்த ஆயில் பிரஷர் ஒரு முடிவையே மாற்றிவிடும். நன்றாகச் சூடான பி-சீரிஸ் எஞ்சின் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐயை ஒட்டியும், ஐடிலிங்கில் 15 பிஎஸ்ஐ அளவிலும் காட்டினால் கீழ்பக்க பேரிங்குகள் மீதுள்ள பயம் பெரிதும் குறையும். நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா, ஒன்று மட்டும் தனியாகக் குறைகிறதா என்று பாருங்கள். பிளக் துளை வழியாகக் கேமரா விட்டால் பிஸ்டன் தலையில் வால்வு தட்டிய தழும்பு, சிலிண்டர் சுவரில் கோடு எல்லாம் தெரியும். ஆயிலை வடித்துத் தட்டில் ஊற்றி வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே பாருங்கள். மினுமினுக்கும் துகள்கள் பேரிங்கின் வேலை, காந்தத்தில் ஒட்டும் துண்டுகள் இரும்புப் பாகத்தின் வேலை.

மறைமுகச் செலவு மணிக்கணக்கில் போடும் கூலி. இந்த எஞ்சினைப் பழகிக்கொள்ள அவர்கள் எடுக்கும் நேரமும் உங்கள் பில்லில்தான் வரும். ‘சத்தம் எதனால் என்று பாருங்கள்’ என்று பொதுவாக விட்டால் தொகை எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ‘இந்த நான்கு அளவு எடுத்து எழுதிக் கொடுங்கள்’ என்று விட்டால் தெரியும். இரண்டு மெக்கானிக்குகள் எதிரெதிராகச் சொல்லி நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும்போது பணம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

## ஒரு பார்வைக்கு

| சத்தம் | முதல் சந்தேகம் | போக வேண்டிய வழி |
|---|---|---|
| லேசான டிக் டிக், கேம் வேகத்தில், பிளக் ஒயர் எடுத்தாலும் மாறாது | டேப்பட், ராக்கர், ஃபூயல் பம்ப் | வழி 1 |
| குளிரில் டிக் டிக், சூடானதும் குறையும் | மேனிஃபோல்ட் கேஸ்கட், பிஸ்டன் | வழி 1, பிறகு 2 |
| ஃபேன் பெல்ட் கழற்றினால் போய்விடும் | டைனமோ, வாட்டர் பம்ப் | வழி 1 |
| மேட்டில் மட்டும் சலசலப்பு | இக்னிஷன் டைமிங், கார்பன் | வழி 2 |
| முன்பக்கம் டைமிங் கவரில் உரசல், சரசரப்பு | டைமிங் செயின் | வழி 2 |
| கிளட்ச் மிதித்தால் மாறும் | ரிலீஸ் பேரிங், த்ரஸ்ட் வாஷர் | வழி 2 |
| ஒருவருக்கொருவர் மாற்றிச் சொல்கிறார்கள் | தெரியவில்லை | வழி 3 |
| கனமான அடி, ஆக்சிலரேட்டரை விடும்போது படபடக்கும், பிரஷர் குறைவு | பிக் எண்ட், மெயின் பேரிங் | வண்டியை நிறுத்தி, வழி 4 |

## வழி 4: எஞ்சினைப் பிரிப்பது

பிரிப்பது என்றால் ஒரேயடியாக முழுசாகப் பிரிப்பது என்று நினைக்க வேண்டாம். நடுவில் ஒரு படி இருக்கிறது: அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை மட்டும் இறக்கிப் பார்ப்பது. சந்தேகப்படும் சிலிண்டரின் பிக் எண்ட் மூடியைக் கழற்றி ஷெல்லைப் பார்த்தாலே நிறையத் தெரிந்துவிடும். சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் நல்லது, செம்பு நிறம் தெரிந்தால் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது. பிளக் ஒயர் சோதனையைச் செய்து வைத்திருந்தால் எந்த மூடியை முதலில் கழற்ற வேண்டும் என்பது தெரியும். இல்லாவிட்டால் நான்கையும் கழற்ற வேண்டும்.

முழு ஓவர்ஹாலிங்கின் மறைமுகச் செலவு, அது நடுவில் நிற்காது என்பதுதான். ஹெட்டை இறக்கினால் கேஸ்கட், வால்வு சீட். பிஸ்டன் வெளியே வந்தால் ரிங், போர் (சிலிண்டர் துளை) அளவு, தேவைப்பட்டால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன். கிராங்க் வெளியே வந்தால் கிரைண்டிங், அந்த அளவுக்கு ஏற்ற பேரிங். ஒவ்வொன்றும் நியாயமான வேலைதான், ஆனால் சத்தம் ஒரு ராக்கரிலிருந்து வந்திருந்தால் இவ்வளவும் வீண். லேத் வேலை எப்படி அமைகிறது என்பதும் இருக்கிறது. மோசமாகக் கிரைண்டிங் செய்த கிராங்க் பழைய தேய்ந்த கிராங்க்கைவிட சீக்கிரம் சத்தம் போடும்.

பிரஷர் குறைவு நிரூபணமாகிவிட்டது, ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் தட்டு உறுதியாகிவிட்டது, அல்லது எஞ்சின் புகை தள்ளி ஆயிலும் குடிக்கிறது என்றால் இந்த வழிதான் சரி, தள்ளிப்போட வேண்டாம்.

இதற்குப் பதில் வேறு எஞ்சினையே போட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தினமும் ஓட்டுகிற வண்டி, பழமை முக்கியமில்லை என்றால் யோசிக்கலாம். ஆனால் எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது, ஆர்.டி.ஓ.வின் அனுமதியும் பதிவும் இல்லாமல் மாற்ற முடியாது. அதோடு 2021-இல் வந்த விதியின்படி, 50 வருஷத்துக்கு மேல் பழைய கார்களை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1970-களின் அம்பாசிடரை வைத்துக்கொண்டு அதன் சொந்த எஞ்சினை ஒரு சத்தத்துக்காகக் கழற்றிப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

## வண்டியை விடும்போது

எந்த வழியில் போனாலும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: குளிரிலா சூட்டிலா, எந்த வேகத்தில், கிளட்ச் மிதித்தால் என்ன, எந்தப் பிளக் ஒயருக்கு மாறுகிறது, கடைசியாக எப்போது என்ன ஆயில் ஊற்றியது. ஃபோனில் பதிவு செய்வதும் நல்லதுதான், ஆனால் ஃபோன் மைக் கனமான அடியைச் சரியாகப் பிடிக்காது, லேசான டிக் டிக்கைத்தான் பெரிதாக்கிக் காட்டும். அதனால் பதிவை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் டேப்பட் என்று சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

ஹெட்டையோ சம்ப்பையோ கழற்றும் முன் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், முடிந்தால் அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள். கழற்றிய பேரிங் ஷெல்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், எந்த சிலிண்டருடையது என்று எண் போட்டு. ஷெல்லின் பின்புறம் அளவு குத்தியிருக்கும்: எஸ்.டி.டி. (ஸ்டாண்டர்ட்) என்றிருந்தால் கிராங்க் இதுவரை கிரைண்டிங் பார்க்காதது, 010, 020, 030 என்றால் ஏற்கெனவே அத்தனை தௌ குறைந்திருக்கிறது. 030-ஐப் பார்த்தால், லேத்துக்குப் போகும் முன்பே இன்னொரு கிராங்க் தேட ஆரம்பித்துவிடுங்கள், ஏனென்றால் 040-க்குப் பிறகு பெரும்பாலும் பேரிங் கிடைக்காது.